திறன்மிகு வீட்டுக் கருவிகள்: பயனோ, பகட்டோ?

மனிதன் தன் உழைப்பைக் குறைத்துக்கொள்ளுதற்பொருட்டுக் கருவிகளைப் படைத்தான். உரலும் அம்மியும், துலாவும் செக்கும் அவன் கைக்கு வலிவு சேர்த்தன. நீராவியும் மின்சாரமும் வந்த பின்னர்க் கருவியானது கையின் வேலையோடு தோளின் வேலையையும் காலின் வேலையையும் ஏற்றுக்கொண்டது. நம் காலத்திலோ, கண்ணும் செவியும் செய்துவந்த வேலையையும், ஓரளவிற்கு அறிவு செய்துவந்த வேலையையும் அது செய்ய முற்பட்டிருக்கின்றது. பேச்சைக் கேட்டு விளக்கேற்றும் பெட்டி, வாயிலில் நிற்பவர் முகத்தைக் கடல் கடந்த நாட்டிலிருப்பவருக்குக் காட்டும் அழைப்புமணி, வீட்டார் திரும்பும் நேரமறிந்து அறையைச் சூடாக்கும் கருவி, தானே ஊர்ந்து தரை கூட்டும் பொறி என்றின்னோரன்னவை ‘ஸ்மார்ட்’ என்னும் அடைமொழியோடு இன்று உலகெங்கும் விற்கப்படுகின்றன. அவற்றைத் திறன்மிகு கருவிகள் என்று ஈண்டுக் குறிப்பிடுவோம்.

இக்கருவிகளைப் பற்றி இருவகைக் கூற்றுக்கள் வழங்குகின்றன. இவை இல்லத்தின் சுமையெல்லாம் நீக்குவன என்பர் விற்போர். கையை நீட்டி ஆளியை அழுத்த இயலாத சோம்பேறிக்குச் செய்த விளையாட்டுப் பொருள்கள் என்பர் வெறுப்போர். இவ்விரு கூற்றும் கருவிகளனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டிப் பேசுதலின், முழு உண்மையாகா. இவற்றுள் பயனுடையது எது, பகட்டானது எது எனப் பிரித்தறிதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ‘திறன்’ என்று இங்கே சொல்லப்படுவது யாது என ஆராய்தல் வேண்டும். அது தனித்த ஓர் ஆற்றலன்று. மூன்று ஆற்றல்களின் சேர்க்கை. ஒன்று, சூழலை உணர்தல். அஃதாவது சூடு, ஒளி, ஈரம், அசைவு, ஒலி முதலியவற்றை அறிதல். இரண்டு, உணர்ந்ததற்கேற்ப ஒரு செயலைத் துணிதல். மூன்று, தொலைவிலுள்ள பிறிதொரு பொறியோடு இணையத்தின் வழியாகத் தொடர்புகொள்ளுதல். இம்மூன்றனுள் முதலிரண்டும் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையன. மூன்றாவதே புதிது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வரும் ஆராய்ச்சி எளிதாகும்.

முதலிரு ஆற்றல்களின் வரலாற்றில் ஒரு வகுப்பறைக்கும் இடமுண்டு என்பது ஆசிரியரும் மாணவரும் அறிந்து மகிழத்தக்க செய்தியாம். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைற்வோட்டர் என்னும் ஊரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் கற்பித்தவர் வாரன் ஜோன்சன். குளிர்காலத்தில் அக்கல்லூரியின் அறைகளைக் கீழ்த்தளத்து உலை சூடாக்கியது. அறைகளின் வெப்பநிலையை அறியும்பொருட்டுப் பணியாளர் அடிக்கடி வகுப்புக்குள் நுழைந்து பார்த்துச் சென்று, உலையின் காற்றுவழியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பாடம் தடைப்பட்டது. அறையின் வெப்பம் குறித்த அளவை எட்டியதும் உலைக்களத்தில் மணியொலிக்கச் செய்யும் மின்கருவி ஒன்றை ஜோன்சன் அமைத்து, 1883 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர், மனிதர் கை படாமலே பல அறைகளின் வெப்பத்தை ஒழுங்காக்கும் முறையையும் வகுத்து 1895 இல் அதற்கும் உரிமை பெற்றார். வெப்பநிலைநிறுத்தி என்று இன்று வழங்கும் கருவியின் முன்னோடிகளுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் அடுக்களைகளிற் பலவற்றிற் காணப்படுவது. ‘றைஸ் குக்கர்’ என நாம் வழங்கும் மின்சோற்றுக் கலத்தை 1955 ஆம் ஆண்டு யப்பானில் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை ஆக்கியவர் யொஷித்தாதா மினாமி என்னும் சிறு தொழிற்சாலை உரிமையாளர். அவர் மனைவி பூமிக்கோ, நாள்தோறும் பல்வேறு நிலைமைகளிற் சோறு சமைத்துப் பார்த்து, வேண்டிய வெப்பத்தையும் நேரத்தையும் கண்டறிந்தார். அக்கலத்தின் தத்துவம் மிக எளியது. நீர் கொதிக்கும்வரை அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. முதற் கலத்தில் உட்பாத்திரத்துக்கு வெளியே சிறிதளவு நீர் ஊற்றப்பட்டது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் அந்நீர் ஆவியாகித் தீர்ந்தது. தீர்ந்ததும் வெப்பநிலை 100 பாகைக்கு மேல் ஏறியது. ஏறவே, வெவ்வேறளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த ஈருலோகச் சட்டம் வளைந்து மின்னோட்டத்தைத் துண்டித்தது. சோறு வெந்ததைக் கலம் தானே ‘அறிந்து’ அடங்கிவிட்டது. இணையமும் கணினியும் இல்லாமலே உணர்தலும் துணிதலும் அங்கே நிகழ்ந்தமை காண்க.

இவ்விரு கருவிகளுக்கும் பொதுவான இயல்பு யாது? இரண்டும் நீக்கியது கையுழைப்பை அன்று, காவலை. உலையைப் பார்த்தபடி நிற்றலும், அடுப்பைப் பார்த்தபடி நிற்றலும் உடலை வருத்துவனவல்ல. எனினும் மனத்தை வேறொன்றிற் செல்லவிடாது கட்டிவைப்பன. ஆளியை ஒருமுறை அழுத்துவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் எப்போது அழுத்துவது என்று காத்திருப்பதற்கு அரை மணித்தியாலம் வேண்டும். அந்தக் காத்திருப்பை நீக்கிய கருவி பயனுடைய கருவி. அழுத்தலை மட்டும் நீக்கும் கருவி பெரும்பயன் உடையதன்று. இதுவே நாம் தேடிய அளவுகோலின் முதற்கூறு.

இக்கூற்றைக் கொண்டு நோக்கின் பகட்டின் இயல்பும் விளங்கும். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நைமன் மார்க்கஸ் என்னும் பெருங்கடையார் வெளியிட்ட விற்பனைப் பட்டியலில் ‘அடுக்களைக் கணினி’ ஒன்று இடம்பெற்றது. ஹனிவெல் நிறுவனத்தாரின் அப்பொறி 100 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையும் 10,600 டொலர் விலையும் உடையது. சமையற் குறிப்புக்களைச் சேமித்து வைத்தல் அதன் தொழில். அதனை இயக்கக் கற்பதற்கு இருவாரப் பயிற்சி வேண்டியிருந்தது. இல்லத்தரசி தன் வினாவை ஆளிகளின் மேல்கீழ் நிலைகளாக மாற்றி உள்ளிடவேண்டும். விடையோ ஒளிரும் சிறு விளக்குகளின் வரிசையாக வரும். அடுக்களைக்கென அப்பொறியை ஒருவரேனும் வாங்கியதாகச் செய்தி இல்லை. கையளவுச் சமையற் புத்தகம் செய்யும் வேலைக்கு அத்துணைப் பெரும்பொறி வந்தமையின் விளைவு இது.

ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் கழித்து அதே பிழை வேறுருவில் தோன்றிற்று. சான்பிரான்சிஸ்கோவில் ஜூசரோ என்னும் நிறுவனம் பழச்சாறு பிழியும் பொறியொன்றை 2016 இல் 699 டொலருக்கு விற்கத் தொடங்கியது. நறுக்கிய பழங்களும் காய்களும் அடைத்த பைகளை அந்நிறுவனமே விற்றது. பொறி அப்பையின் குறியீட்டை இணையத்தின் வாயிலாகச் சரிபார்த்த பின்னரே பிழியும். 2017 ஏப்பிரலில் புளூம்பேர்க் செய்தியாளர் அப்பையைக் கையாற் பிழிந்து, பொறி தரும் அளவு சாற்றை ஏறக்குறைய அதே நேரத்தில் எடுத்துக் காட்டினர். அவ்வாண்டு செப்தெம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. கருவி நீக்கும் தொல்லையினும் கருவியால் வரும் தொல்லை மிகுமாயின் அது பகட்டு என்று வரையறுத்துக்கொள்ளலாம்.

இனி, பயனென்றும் பகட்டென்றும் உடனே சொல்லிவிட முடியாத இடைநிலைக் கருவிகளை நோக்குவோம். அவற்றுள் தலையாயது, வீட்டார் பழக்கத்தைக் கற்றுத் தானே வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வெப்பநிலைநிறுத்தி. அமெரிக்க வீடுகள் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய அரைப்பங்கு அறைகளைச் சூடாக்குதற்கும் குளிர்வித்தற்கும் போகின்றது. ஆகவே அங்கே இக்கருவி சிறுபொருளன்று. முன்னர், நேர அட்டவணையை நாமே பதித்துவைக்கும் நிலைநிறுத்திகள் இருந்தன. சிக்கனமான கருவிகளுக்கு ‘எனர்ஜி ஸ்ரார்’ என்னும் முத்திரை வழங்கும் அமெரிக்க அரசின் திட்டம், 2009 ஆம் ஆண்டின் இறுதியோடு அவற்றுக்கு அம்முத்திரை வழங்குதலை நிறுத்திக்கொண்டது. என்னை? கருவி செவ்வையாகத்தான் இருந்தது. மக்களுட் பலர் அட்டவணையைப் பதிக்கவில்லை, பதித்தவரும் அதனை மீறினர். எதிர்பார்த்த சேமிப்புக் கிட்டவில்லை.

இக்குறையை நீக்கவே 2011 இல் நெஸ்ற் என்னும் கற்கும் நிலைநிறுத்தி வந்தது. அதனை ஆக்கிய நிறுவனத்தைக் கூகிள் 2014 இல் 320 கோடி டொலருக்கு வாங்கியது. இத்தகைய கருவிகளுக்கு 2017 முதல் மேற்சொன்ன முத்திரை மீண்டும் கிடைத்தது. சூட்டுக்கும் குளிருக்குமான கட்டணத்தில் சராசரியாக நூற்றுக்கு 8 வீதம் குறையும் என்பது அத்திட்டத்தாரின் கணிப்பு. ஆயின் கலிபோர்னியாவிற் பல வீடுகளில் இக்கருவிகளைப் பொருத்திச் செய்த ஆய்வொன்றின் முடிவைப் பொருளியலறிஞர் ஐவர் 2022 இல் வெளியிட்டனர். கருவி பொருத்திய வீடுகளுக்கும் பொருத்தாத வீடுகளுக்குமிடையே சக்திச் செலவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு அதிற் காணப்படவில்லை. வீட்டார் கருவியின் துணிபை அடிக்கடி மாற்றித் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டமையே காரணம் என அவர்கள் காட்டினர்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், சேர்த்து நோக்கினால் ஓர் உண்மையைப் புலப்படுத்துவன. சிக்கனம் கருவியின் உள்ளே இல்லை. கருவிக்கும் அதனைக் கையாள்வானுக்குமுள்ள உறவில் இருக்கின்றது. சிக்கனமாய் வாழ விரும்புவானுக்குக் கருவி துணைநிற்கும். விரும்பாதவனைச் சிக்கனக்காரனாக்கும் வல்லமை எக்கருவிக்கும் இல்லை.

சிக்கனத்தைப் பற்றிப் பேசப் புகுந்தமையால், மலிவான கருவியாகிய திறன்மிகு மின்குமிழைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஆளில்லாத அறையில் விளக்கெரிந்து வீணாகாமல் தடுப்பது அதன் பயன் என்பர். ஆனால் கட்டளைக்குச் செவிசாய்த்தபடி இருத்தற்கு அக்குமிழ் அணைந்திருக்கும்போதும் மின்னை உண்ணுகின்றது. அவ்வூண் அரை உவாற்று எனக் கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணித்தியாலம். அரை உவாற்றால் பெருக்க, 4.38 அலகு மின்சாரம் ஆகும். ஒரு 9 உவாற்று எல்.ஈ.டி. குமிழை நாள்தோறும் அரை மணித்தியாலம் மறந்து எரியவிட்டால் ஆண்டில் வீணாவது 1.64 அலகே. நாளொன்றுக்கு 1 மணித்தியாலம் 20 நிமிடத்துக்கு மேல் மறப்பவனுக்கே இக்குமிழ் ஆதாயம் தரும். பழைய 60 உவாற்று இழைக்குமிழாயின் நாளுக்கு 12 நிமிட மறதியை ஈடுசெய்தாலே போதுமாயிருந்திருக்கும். எரியும் விளக்குச் சிக்கனமாக ஆக, அதனைக் காக்கும் காவலனின் ஊதியம் மிகையாகத் தோன்றுகின்றது. மாணவர் தாமே இக்கணக்கைத் தத்தம் வீட்டுக் கருவிகளுக்கும் செய்து பார்க்கலாம்.

மின்சாரம் மிஞ்சாவிடினும் நேரம் மிஞ்சுமன்றோ எனின், அதற்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கின்றது. அமெரிக்க இல்லத்தரசியரின் வேலைநேரத்தை ஆராய்ந்த ஜோவான் வானெக் 1974 இல் வெளியிட்ட கட்டுரையில், வெளிவேலைக்குச் செல்லாத பெண்கள் 1920களில் வாரத்துக்கு ஏறக்குறைய 52 மணித்தியாலம் வீட்டுவேலை செய்தனர் என்றும், 1960களில் அது 55 ஆக இருந்தது என்றும் காட்டினார். இடையில் சலவைப் பொறியும் தூசியுறிஞ்சியும் குளிர்ப்பெட்டியும் வந்திருந்தன! வரலாற்றாசிரியர் ரூத் சுவாட்ஸ் கோவன் 1983 இல் எழுதிய நூலில் இதன் காரணங்களை விளக்கினார். கருவி வந்ததும் தூய்மைக்குரிய அளவு உயர்ந்தது. வாரம் ஒருமுறை தோய்த்த ஆடை நாள்தோறும் தோய்க்கப்பட்டது. முன்னர் ஆடவரும் பிள்ளைகளும் வேலையாட்களும் பகிர்ந்து செய்தவை இல்லத்தரசி ஒருத்தியின் தலையில் விழுந்தன. உழைப்பின் கடுமை குறைந்தது, நேரம் குறையவில்லை. இன்றைய திறன்மிகு கருவிகளோ கடவுச்சொற்களைப் பேணல், மென்பொருளைப் புதுப்பித்தல், அறுந்த தொடர்பை மீட்டல் எனப் புதியதொரு வீட்டுவேலையையும் உடன்கொண்டு வருகின்றன. வீட்டில் ஒருவர் அவ்வேலைக்கு உரியவராகிவிடுகின்றார். அவர் இல்லாத நாளிற் பிறர் விளக்கேற்றவும் வழியறியாது திகைப்பதுண்டு.

இதுகாறும் உணர்தலையும் துணிதலையும் பற்றிப் பேசினோம். மூன்றாம் ஆற்றலாகிய தொடர்பே இக்கருவிகளின் பெருஞ்சிறப்பும் பெருங்குறையும் ஆகும். பேச்சுக்குச் செவிகொடுக்கும் பெட்டியொன்றிடம் ‘விளக்கை அணை’ என்று சொல்கின்றோம். பெரும்பாலும் அப்பெட்டி தன் பெயரைக் கேட்டு விழித்துக்கொள்வதோடு சரி. எஞ்சிய சொற்கள் இணையத்தின் வழியே வேற்று நாட்டிலுள்ள சேவையகத்துக்குச் சென்று, அங்கே பொருள் உணரப்பட்டு, கட்டளையாக மாறித் திரும்பி வருகின்றன. மூன்றடி தூரத்து விளக்கை அணைத்தற்கு அக்கட்டளை ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்கின்றது. அப்பயணத்தில் எவ்விடத்துத் தடை நேரினும் விளக்கு அணையாது. 2021 திசெம்பர் 7 ஆம் திகதி அமேசன் நிறுவனத்தின் சேவையகங்கள் சில மணித்தியாலம் தடைப்பட்டன. அன்று அமெரிக்காவில் வாயிற் கமராக்களும் தரைகூட்டும் பொறிகளின் செயலிகளும் செயலிழந்தன. வீடும் இருந்தது, கருவியும் இருந்தது, மின்சாரமும் இருந்தது. ஆணையிடும் அதிகாரம் மட்டும் வேறிடத்தில் இருந்தது.

தற்காலிகத் தடையினும் பெரிது நிரந்தரத் தடை. ரெவொல்வ் என்னும், ஏறத்தாழ 300 டொலர் விலையுள்ள, வீட்டுக் கருவிகளை ஒருங்கிணைக்கும் பெட்டியை ஆக்கிய நிறுவனத்தை 2014 இல் நெஸ்ற் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையகத்தை நிறுத்தவே, பழுதில்லாத பெட்டிகள் யாவும் ஒரே நாளிற் பயனற்றுப்போயின. 2022 ஏப்பிரலில் இன்ஸ்ரியோன் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவித்தலின்றி அணைந்தன. பின்னர் அதன் வாடிக்கையாளர் சிலரே கூடி அந்நிறுவனத்தை வாங்கி மீட்க நேர்ந்தது. அம்மி தேயலாம், உரல் உடையலாம். ஆயினும் அவற்றைக் கொத்திய தச்சன் தொழிலை விட்டமையால் அவை ஓய்ந்துபோனதில்லை. விலைகொடுத்து வாங்கியவன் உரிமையாளனா, விற்றவன் விரும்பும்வரை பயன்படுத்தும் குடியிருப்பாளனா என்னும் வினா இங்கே எழுகின்றது.

தொடர்பு இருவழிப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. நாம் வெளியுலகை அடையும் வழியே வெளியுலகம் நம்மை அடையும் வழியுமாகும். 2016 ஒக்ரோபர் 21 இல் மிராய் என்னும் தீநிரல், வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, அவற்றை ஒருசேர ஏவி, அமெரிக்காவிற் பல இணையத்தளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. அது செய்த தந்திரம் அரியதன்று. தொழிற்சாலையிற் பதித்துவிட்ட அறுபதுக்கு மேற்பட்ட பொதுக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்ததே. 2023 மே மாதத்தில், றிங் என்னும் கமரா நிறுவனத்தின் மீது, அதன் பணியாளர் வாடிக்கையாளரின் அந்தரங்கப் படங்களைப் பார்க்க இடங்கொடுத்தது என அமெரிக்க வணிக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. இத்தகைய தீங்குகள் கண்டு, எளிதில் ஊகிக்கத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்றலைப் பிரித்தானியா 2024 ஏப்பிரல் 29 முதற் சட்டத்தாற் தடைசெய்தது.

அற்றேல், தொடர்பாற்றல் முழுவதும் பகட்டோ எனின், அன்று. அதன் உண்மைப் பயனை அறிய இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். முள்ளந்தண்டு முறிந்து கைகால் வழங்காதோர் அங்கே மருத்துவம் பெற்றனர். 1960 ஆம் ஆண்டளவில் நோயாளரைக் காணச் சென்றுவந்த ரெஜ் மாலிங் என்பவர், அவர்கள் பிறரை அழைத்தற்கும் வழியின்றிக் கிடத்தல் கண்டு, ஒரு குழாயில் மெல்ல ஊதியும் உறிஞ்சியும் விளக்கு, வானொலி, அழைப்புமணி முதலியவற்றை இயக்கத்தக்க கருவியொன்றை அமைத்தார். அதற்கு ‘பொசும்’ என்று பெயர் வழங்கிற்று. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘என்னால் இயலும்’ என்பது பொருள்.

கையுள்ளவனுக்குப் பகட்டாகும் அதே ஆற்றல் கையிழந்தவனுக்கு வாழ்வாகின்றது. ஆளியை அழுத்துதல் அற்பமென்று முன்னர்க் கூறினோம். அழுத்தவே இயலாதவனுக்கு அஃது அற்பமன்று. விளக்கை அணைக்கவும் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பவன், அதனைத் தன் சொல்லாலே அணைத்துக்கொள்ளும்போது பெறுவது வசதி மட்டுமன்று. தன் அறைக்குத் தான் தலைவன் என்னும் மதிப்புமாகும். பார்வையற்றவர், மூட்டு நோயால் எழமாட்டாதவர், விரல் நடுங்குபவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். ஆளில்லாத வீட்டில் நீர்க்குழாய் வெடித்ததையோ புகை எழுந்ததையோ தொலைவிலிருப்பவருக்கு அறிவிக்கும் உணரிகளும் இவ்வாறே. வீட்டில் இல்லாதவன் காவல்செய்ய இயலாதாகலின், அவ்விடத்துத் தொடர்பு இன்றியமையாததாகின்றது.

இக்கருத்து நம் நாட்டு நிலைமையோடும் நெருங்கிய தொடர்புடையது. பிள்ளைகள் புலம்பெயர்ந்து வாழ, முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவ்வீடுகளிற் பிள்ளைகள் அன்பின் மிகுதியாற் கமரா பொருத்துகின்றனர். தாய் விழுந்துவிட்டால் அறிதற்கு வழிவேண்டும் என்பது நியாயமே. ஆயினும் அக்கமரா முற்றத்தை நோக்குகின்றதா, படுக்கையை நோக்குகின்றதா என்பதைப் பொறுத்து அதன் தன்மை வேறுபடும். அம்மாவிடம் கேட்டு, அவர் ஒப்பிய இடத்தில் வைத்த கருவி துணை. கேளாது வைத்தது காவல். பெற்ற பிள்ளையே ஆயினும், பார்ப்பவன் காணப்படாதிருக்கப் பார்க்கப்படுவோர் மட்டும் எந்நேரமும் காணப்படுதல் முதுமைக்குரிய மதிப்பைக் குறைக்கும். அவசரத்துக்கு அழைத்தற்குரிய ஒரு பொத்தானைத் தாயின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல், எப்போதும் விழித்திருக்கும் கமராவினும் பலவேளைகளிற் சிறந்தது. ஏனெனில் முன்னதில் அழைக்கும் உரிமை அவரிடமே இருக்கின்றது.

மேலும், 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. மின்னும் இணையமும் அற்றபோதும் திறக்கத்தக்க சாவி இல்லாத பூட்டு, எத்துணைத் திறனுடையதாயினும், நம் கதவுக்கு ஏற்றதாகாது.

இதுவரை கண்டவற்றைத் திரட்டி, ஒரு திறன்மிகு கருவியை வாங்கப் புகுவான் நான்கு வினாக்களை எழுப்பிக்கொள்ளல் வேண்டும் எனலாம். முதலாவது: இக்கருவி என் காவலையோ இயலாமையையோ நீக்குகின்றதா, அல்லது ஒரு நொடிக் கையசைவை மட்டும் நீக்குகின்றதா? இரண்டாவது: அது உண்ணும் மின்சாரம், விலை, பேணும் வேலை ஆகியன அது தரும் ஆதாயத்தினும் குறைவா? மூன்றாவது: இணையம் அறுந்தபோதும், ஆக்கிய நிறுவனம் மறைந்தபோதும் அதன் அடிப்படைத் தொழில் நடைபெறுமா? நான்காவது: அதன் வழியே என் வீட்டைப் பற்றி அறிபவர் யார், அதற்கு வீட்டிலுள்ளோர் அனைவரும் இசைந்தனரா?

இவற்றுள் மூன்றாம் வினாவுக்கு இன்று ஓரளவு நல்விடை கிடைத்து வருகின்றது. பல நிறுவனங்கள் கூடி வகுத்து 2022 ஒக்ரோபரில் வெளியிட்ட ‘மற்றர்’ என்னும் பொது நியமம், வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகள் வீட்டின் உள் வலையமைப்பிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழிசெய்கின்றது. கட்டளை கடல் கடந்து சென்று மீளவேண்டிய தேவை அதனாற் குறையும். எனினும் எந்நியமமும் முதலாம் வினாவுக்கும் நான்காம் வினாவுக்கும் விடைகூறமாட்டாது. அவ்விடை வாங்குவானிடமே இருக்கின்றது.

ஆகவே, திறன்மிகு கருவிகள் யாவும் பயனுடையன என்றலும், யாவும் பகட்டு என்றலும் பொருந்தா. ஒரே கருவி ஒரு வீட்டிற் பயனாகவும் அடுத்த வீட்டிற் பகட்டாகவும் இருத்தல் கூடும். ஜோன்சனின் மணியும், மினாமி தம்பதியரின் சோற்றுக்கலமும், மாலிங்கின் குழாயும் ஒரு மனிதனின் மெய்யான இடரைக் கண்டு அதிலிருந்து பிறந்தவை. அடுக்களைக் கணினியும் சாறுபிழி பொறியும் ஆற்றலைக் காட்டும் விருப்பிலிருந்து பிறந்து, இடரைப் பின்னர்த் தேடிச் சென்றவை. கருவியின் திறனை அளத்தற்குமுன் அதனை வேண்டுவானின் இடரை அளத்தல் வேண்டும். இல்லத்துக்குத் தலைமை இல்லத்தாரிடமே நிற்க, கருவி அவர்க்கு ஏவல் செய்யுமாயின் அது பயன். கருவிக்கு இல்லத்தார் ஏவல் செய்ய நேருமாயின், அது விலையுயர்ந்த பகட்டே என்பது எமது துணிபு.